சும்மா ஓடின மோட்டார்

"அண்ணே, உங்களைக் கூடப் பிறந்தவர் மாதிரி நினைச்சேன். இப்படிப் பண்ணிட்டீங்களே!"

முதலாளியம்மா போட்ட சத்தத்தில், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மீசைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாட்டுப் பண்ணையில் சாணி அள்ளுவதிலிருந்து பால் கறப்பது வரைக்கும் அவர்தான். பண்ணை ஊருக்கு வெளியே, முதலாளி வீடு ஊருக்குள்ளே. போன் போட்டு வீட்டுக்கு வரச் சொன்னாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

"என்னம்மா பண்ணிட்டேன்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. இங்க வந்து பாருங்க."

மேஜை மேலிருந்த லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

தண்ணீர் மோட்டார் ஒருநாள் புகைந்து போனதிலிருந்து அம்மாவுக்கு ஒரே பயம். மெக்கானிக்கைப் பிடித்து, பண்ணையில் இருக்கிற அத்தனை மோட்டார் வயரிலும் ஒவ்வொரு சென்சாரை மாட்டச் சொல்லிவிட்டார். துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி வயரைக் கவ்விக்கொண்டிருக்கும். எந்த மோட்டார் ஓடுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று வீட்டுக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுவில் வயர் கியர் எதுவும் கிடையாது. அம்மா இப்போதெல்லாம் சீரியல்கூடப் பார்ப்பதில்லை, இதைத்தான் பார்க்கிறார்.

"இது பால் கறக்கிற மெஷின். ஒழுங்கா இருக்கு. இது தண்ணி மோட்டார். இதுவும் சரி. இது தீவனம் வெட்டுற மெஷின். புல்லு போட்டு ஓட்டினா இந்தக் கோடு இவ்ளோ உயரம் ஏறும். இங்க பாருங்க, பாதிதான் ஏறியிருக்கு. அப்படின்னா?"

"புல்லு போடாம ஓடியிருக்கும்மா."

"சும்மா ஓடியிருக்கு! தினமும் நாலஞ்சு தடவை! எதுக்குன்னு கேக்கறேன்."

மீசைக்காரர் மீசையைத் தடவினார்.

"நான் சொல்லட்டுமா? மெஷின் சத்தம் கேட்டா வேலை மும்முரமா நடக்குதுன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. நீங்க அந்தப் பக்கம் போய்க் கட்டையைச் சாய்ச்சிருவீங்க. அதானே?"

"ஐயய்யோ, இல்லவே இல்லம்மா!"

"உங்க முதலாளியே சொல்லிட்டார். காலைல அவர்கிட்ட இதைக் காட்டினேன். குடிச்சிட்டிருந்த காபி புரையேறிப் போச்சு மனுஷனுக்கு. 'எல்லாம் அந்த மீசை வேலையாத்தான் இருக்கும், நீயே கூப்பிட்டுக் கண்டிச்சு வை'ன்னு சொல்லிட்டு அப்பவே பண்ணைக்குக் கிளம்பிப் போயிட்டார்."

மீசைக்காரர் நிமிர்ந்தார்.

"அவரே சொன்னாராம்மா?"

"அவரேதான்."

மீசைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அப்போ நான்தாம்மா."

"அதென்ன 'அப்போ'?"

"நான்தான் ஓட்டினேன். தப்புதான்."

இல்லை என்று சாதித்திருந்தால் அம்மா நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பார். இப்படி அலட்டிக்கொள்ளாமல் ஒத்துக்கொண்டதும் சுர்ரென்று ஏறிவிட்டது.

"பண்ணையிலேயே குடியிருக்க ரூம் குடுத்து, வீட்டு ஆள் மாதிரி வச்சிருந்ததுக்கு நல்ல மரியாதை! நாளையிலிருந்து வேலைக்கு வர வேணாம். ரூமையும் காலி பண்ணிடுங்க."

மீசைக்காரர் முகம் செத்துப்போனது. பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரு ரூமில்தான்.

"சரிம்மா" என்றார். வாசல் பக்கம் திரும்பினார்.

கெஞ்சுவார் என்று எதிர்பார்த்திருந்த அம்மாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கோபத்தில் விட்ட வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது?

"இருங்க, உங்க முதலாளிகிட்டேயும் சொல்லிடறேன். இல்லேன்னா 'என்னைக் கேக்காம அனுப்பிட்டியே'ன்னு என் தலையைப் போட்டு உருட்டுவார்."

போனைக் கையில் எடுத்ததும் மீசைக்காரர் பதறினார்.

"இப்போ வேணாம்மா! அவரு வேலையா இருப்பாரு!"

"அப்படி என்ன வெட்டி முறிக்கிற வேலை? ஹலோ... ஏங்க..."

தடதடவென்று ஒரே இரைச்சல். நடுவில் முதலாளி தொண்டை கிழியக் கத்தினார். "ஹலோ! ஹலோ! மெஷின் ஓடுது! ஒண்ணும் கேக்கல! அப்புறம் பேசறேன்!"

"எப்பக் கூப்பிட்டாலும் இதே ரோதனை" என்று போனை வைத்த அம்மாவின் கண் லேப்டாப்பில் விழுந்தது.

தீவன மெஷின் கோடு பாதி உயரத்துக்கு ஏறி நின்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொப்பென்று கீழே இறங்கியது.

அம்மா எதிரில் நின்ற மீசைக்காரரைப் பார்த்தார்.

"பண்ணையில இப்போ யார் இருக்கா?"

"மாடுங்க இருக்கும்மா."

"அண்ணே!"

"என் பெண்டாட்டி சந்தைக்கு, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காங்க. முதலாளி மட்டும்தாம்மா இருக்காரு."

அம்மா மறுபடி போன் போட்டார். மணி அடித்ததுமே கோடு ஏறியது. முதலாளி எடுப்பதற்குள் கட் பண்ணினார். இறங்கியது. போட்டார், ஏறியது. கட் பண்ணினார், இறங்கியது. அம்மாவுக்கு ஆத்திரம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

"நான் என்ன அப்படியா பேசிட்டேன்? சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, இவ்ளோதானே கேக்கறேன்?"

மீசைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"வரட்டும் இன்னைக்கு, வச்சுக்கறேன்! நீங்க எங்கேயும் போக வேணாம், பேசாம போய் வேலையைப் பாருங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்கண்ணே. அவர் பண்ணின கூத்துக்கு நீங்க எதுக்குப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்க? பிள்ளைகுட்டியோட தெருவுல நின்னிருப்பீங்களே! முதலாளி மேல அவ்ளோ விசுவாசமா?"

"விசுவாசமெல்லாம் இல்லம்மா." மீசைக்காரர் தலையைச் சொறிந்தார். "நீங்க துரத்தினா, நாலு பண்ணை ஏறி இறங்கி எப்படியாவது நான் பொழைச்சுக்குவேன். நீங்க துரத்திட்டா, பாவம், அவரு எங்கம்மா போவாரு?"