சீற்றில் கட்டிய தலையணை

“கம்பியை இறுக்கிப் பிடியும். இனிக் கல்லுத்தான்” என்றான் டிலோன்.

பிரேமினி மோட்டார் சைக்கிளின் பின் சீற்றுக் கம்பியைப் பிடித்தாள். காலையில் அவளை நெடுந்தீவு இறங்குதுறைக்குக் கொண்டுவந்து விட்டபோது சீற்றில் கட்டியிருந்த தலையணை, பின்னேரப் படகில் அவள் திரும்பி வந்தபோதும் அப்படியே இருந்தது. பழைய வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

தார் போடவென்று பரப்பிய சரளை, தார் வராமலே மாதக்கணக்காகக் கிடந்தது. மோட்டார் சைக்கிள் ஏறியதும் டயருக்கடியில் கற்கள் நழுவின. டிலோன் கியரைக் குறைத்து, லொறிச் சக்கரம் அழுத்திய தடத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் விட்டான்.

இரண்டு வாரத்துக்கு முன் இந்த வீதியில்தான் விழுந்தார்கள். நாய் குறுக்கே வர, பதற்றத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டான். சரளையில் அதை மட்டும் தொடக்கூடாது. பிரேமினிக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்புத்தான். ஆனாலும் ஆறு மாத வயிற்றோடு அவள் கல்லுக்குள் கிடந்ததை அவனால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்துதான் தலையணை.

இன்று யாழ்ப்பாணத்தில் ஸ்கான் செய்த டொக்டர், கருவியை வயிற்றில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையின் இதயம் நின்று சில நாட்களாகிவிட்டது என்றார். விழுந்ததால் அல்ல, உருவாகும்போதே இதயத்தில் குறை இருந்திருக்கிறது என்றார். அந்த இரண்டாவது வசனத்தைத்தான் பிரேமினி திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். டிலோனுக்குச் சொல்வதற்காக.

நாளை முதல் படகில் கணவனோடு வந்து வார்ட்டில் படுப்பதாகச் சொல்லி ஓர் இரவு தவணை வாங்கினாள். துணைக்கு வந்த அயல்வீட்டு ஜெயந்தா அக்கா நாளைய அலுவல்களுக்காக அங்கேயே மகள் வீட்டில் நின்றுவிட்டாள். “ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா, நானே சொல்லுறன்” என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் பிரேமினி படகேறினாள்.

கடல் முழுக்க அவள் யோசித்தது இதைத்தான். டொக்டர் ஆயிரம் சொல்லட்டும், டிலோன் தன் வலக்கை விரல்களைத்தான் பார்ப்பான். பிரேக்கைப் பிடித்த விரல்கள். இனி வலை இழுக்கும்போதும் சோறு பிசையும்போதும் அந்தக் கையோடுதானே அவன் இருக்கவேண்டும்? காலையில்கூட விறாந்தையில் குந்தியிருந்து தொட்டிலுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தான். பிறக்கமுதல் தொட்டில் செய்யக்கூடாது என்று எல்லோரும் சொல்லியும் கேளாமல் செய்த தொட்டில்.

“இஞ்சருங்கோ” என்றாள்.

“பொறும், பள்ளம் வருது.”

பள்ளம் போனது. மறுபடி தொடங்கினாள். இப்போது கற்குவியல். அதற்குப் பிறகு வளைவு. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவனுக்கு வீதியில் ஏதோ ஒன்று தெரிந்தது.

யாக்கோப்பு அண்ணை சைக்கிளில் அவர்களை முந்தினார். காலையிலும் முந்தியவர்தான். மாதா சிலையை ஊர்வலம் கொண்டுபோவதுபோல் அவர்கள் ஊர்வதைப் பார்த்து, சுருவம் சுத்துப்பிரகாரம் போகுதோடா என்று அப்போது பகிடி விட்டவர், இப்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். கிளினிக்குக்குப் போய்வந்தால் மறித்து வைத்து விசாரிக்கிற கடையடிப் பெண்களும் இன்று மறிக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள் பிரேமினி. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே உடைந்திருப்பாள்.

ஒரு கல் டயருக்கடியிலிருந்து தெறித்தது. டிலோன் உடனே இரண்டு காலையும் ஊன்றினான்.

“குலுக்கினதோ?”

“இல்லையப்பா. கொஞ்சம் கெதியாப் போங்கோவன்.”

“ஏலாது. விடிஞ்சாலும் இப்பிடித்தான் போவன்.”

அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்ட் வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. இல்லாமற்போன ஒன்றுக்காக ஒவ்வொரு கல்லாய் விலத்திப்போகிற முதுகு. தொட வேண்டும் போலிருந்தது. தொட்டால் கையே சொல்லிவிடும் என்று பயந்து கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

வீட்டுப் படலையடியில் எஞ்சினை நிறுத்தி, வண்டி ஆடாதபடி காலை ஊன்றி, அவள் இறங்கி முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றான். இனி ஒளிக்க முடியாது.

“பிள்ளை...” என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

விறாந்தையில் தொட்டில் இல்லை. அது நின்ற இடம் கூட்டித் துப்புரவாக இருந்தது.

“ஜெயந்தா அக்கா மத்தியானமே போன் எடுத்தவா” என்றான் டிலோன், தலையணையின் கயிற்றை அவிழ்த்தபடி. “விழுந்ததாலை இல்லையாம் எண்டும் சொன்னவா.”

அவள் விறாந்தையிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள்.

“அப்ப ஏன் இவ்வளவு மெதுவாக் கொண்டுவந்தனீங்கள்?”

அவன் தன் கையைப் பார்க்கவில்லை. அவளுடைய முழங்கையில் காய்ந்துவந்த சிராய்ப்பைப் பார்த்தான்.

“உமக்கு நோகுமெல்லே.”