யோகேஸ்வரியின் முட்டி

“ஐயோ அலமாக், முட்டி போச்சு! கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்ங்க.”

இரண்டாவது மாடிப் படியில் யோகேஸ்வரி பொத்தென்று உட்கார்ந்தாள். முதல் மாடியிலும் இதே கூத்துதான்.

மருமகள் ஷர்மினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனார் திருச்செல்வத்தைக் குளுவாங் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறார்கள். குவாரியில் இருபத்தாறு வருஷம் கல்லுடைக்கும் மெஷினோடு நின்றவர். அந்தத் தூசியெல்லாம் நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது என்கிறார் டாக்டர். அப்படிப்பட்ட மனுஷனே வாயைத் திறக்காமல் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறார். இந்த அம்மாவுக்கு என்ன கேடு?

“பாவம்மா, அவளுக்கு முட்டி வலி,” என்று மாமாதான் பரிந்து பேசினார்.

லிஃப்ட் இல்லாத ஃபிளாட். நாலாவது மாடிக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆனது.

அன்றைக்கே ஷர்மினி கணவன் செல்வாவிடம் பொரிந்து தள்ளிவிட்டாள்.

“உங்கம்மாவ முட்டி டாக்டர்கிட்ட காட்டுங்க. இல்லாட்டி அடுத்த மாசம் வீட்டுலயே இருக்கட்டும். மாமாவ நான் ஒருத்தியே கூட்டிட்டுப் போறேன் லா.”

மறுநாள் ஃபேக்டரியில் வேலை சீக்கிரம் முடிந்தது. வீடு திரும்பிய ஷர்மினிக்கு முன்னால் யாரோ விறுவிறுவென்று படியேறுகிறார்கள். பார்த்தால், இடுப்பில் பத்து கிலோ அரிசி மூட்டையோடு மாமியார்! நிற்கவில்லை, உட்காரவில்லை. மூன்றாவது மாடியில்தான் எட்டிப் பிடிக்க முடிந்தது.

“அத்தை! முட்டி?”

யோகேஸ்வரி கையும் களவுமாக மாட்டியவள் போல் முழித்தாள்.

“மெதுவா பேசும்மா, மாமா வீட்டுல இருக்காரு. மூச்சு முட்டுதுன்னு செத்தாலும் சொல்ல மாட்டாரு அந்த மனுஷன். முடியலன்னு ஒத்துக்கிட்டாருன்னா, அப்புறம் படியே இறங்க மாட்டாரு. ஆஸ்பத்திரியும் வேணாம்பாரு. என் முட்டிக்காகன்னா நிப்பாரு.”

ஷர்மினி அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதமும் மூன்று பேருமாகத்தான் போய் வந்தார்கள். இரண்டாவது மாடியில், “எனக்கும் கால் வலிக்குது அத்தை,” என்று ஷர்மினியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலாவது மாடியை நெருங்கியதும், கதவைத் திறக்க யோகேஸ்வரி நொண்டிக்கொண்டே முன்னால் போனாள். மாமா மருமகளைக் கைகாட்டி அருகில் கூப்பிட்டார்.

“அன்னிக்கு அரிசி மூட்டையோட... நிக்காம ஏறி வந்தாளே... அவ செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?”

ஷர்மினி திகைத்துப் போய் அவரைப் பார்த்தாள்.

“நான் கண்டுக்கிட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதம்மா. பாவம், அவளுக்கு முட்டி வலி.”