சாம்பார் ஆறுவதற்குள்

வீல் என்று ஓர் அழுகை.

தூக்கம் கலையாமலேயே கையை நீட்டினாள். விரல்களில் கட்டிலின் இரும்புக் கம்பி தட்டியது.

அழுதது பக்கத்துக் கட்டில் குழந்தை.

கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

நேற்று மத்தியானம் வரை வயிற்றுக்குள் அசைந்துகொண்டிருந்தது. ஐந்தாம் மாதம். போன முறை மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது.

அப்போதிலிருந்து அவளிடம் ஒரே ஒரு கேள்விதான். யாரிடமும் கேட்டதில்லை. குளிக்கும்போது வயிற்றைத் தொட்டுத் தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள்.

குறை என்னிடமா?

டாக்டர் தேவகுஞ்சரி ரவுண்ட்ஸ் வந்தபோது கேட்டேவிட்டாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லாச் சோதனையும் பார்த்தாயிற்று என்றார்.

"உன் உடம்புல ஒரு குறையும் இல்லம்மா."

நேற்றிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. இந்த ஒரு வார்த்தையைக் கணவனிடம் சொல்ல வேண்டும். வந்ததும் சொல்ல வேண்டும்.

டாக்டரின் பார்வை பக்கத்து ஸ்டூலில் நின்றது. இட்லிப் பொட்டலம். அதன் மேல் நூலால் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் கவர். உள்ளே சாம்பார். ஆவி படிந்து கவர் மங்கியிருந்தது. அவள் தூங்கும்போதே வைத்துவிட்டு, அவன் பால் வாங்கப் போயிருந்தான்.

தினமும் இப்படித்தானா என்று டாக்டர் கேட்டார்.

கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். மசக்கையில் அவளுக்குத் தாளிக்கிற வாசனையே ஆகாது. அடுப்புப் பக்கம் அவன் விட்டதில்லை. இரண்டு முறையும். பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்ததும் நேரே மெஸ்ஸுக்குப் போவான். ஊற்றி வைத்த சாம்பார் கூடாது. கொதிக்கிற அண்டாவிலிருந்து மொண்டு, கண்ணெதிரே கவரில் ஊற்ற வேண்டும். எவர்சில்வர் தூக்குப்போசியில் வாங்கினால் வருவதற்குள் ஆறிவிடுமாம். கவரைத் துண்டில் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பான். அவள் எழும் வரை கட்டைப் பிரிக்க மாட்டான்.

"அடுப்பையே கட்டித் தரட்டுமா மாப்ளே?" என்று மெஸ்காரர் கேலி செய்வாராம்.

சொல்லும்போது அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை.

கொதிக்கக் கொதிக்க ஊற்றினால், பிளாஸ்டிக்கில் இருக்கும் சில ரசாயனங்கள் சாப்பாட்டில் இறங்கக்கூடும் என்றார். கருவை அது பாதிக்கலாம் என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். உனக்கு இதனால்தான் என்று சொல்லவே முடியாது என்றார். அதை இரண்டு முறை சொன்னார். வீட்டுக்காரரிடம் பக்குவமாகச் சொல், இனிமேல் வேண்டாம் என்றபடி எழுந்து போனார்.

அவள் கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிச்சயமில்லை.

அவளுக்கு அது போதும். அவனுக்குப் போதாது; தன்னையேதான் குற்றம் சொல்லிக்கொள்வான்.

வராந்தாவில் செருப்புச் சத்தம்.

அவன்தான். கண்கள் வீங்கியிருந்தன. மூச்சிரைக்க வந்து நின்று, சட்டைப் பொத்தானைக் கழற்றி, துண்டுச் சுருளை வெளியே எடுத்தான். பால். அதுவும் கவரில்.

நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது.

இனி அடுப்பை அவளே பற்ற வைத்துக்கொள்வாள். வாந்தி வந்தாலும் பரவாயில்லை. அதற்குக் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கேட்டான். உடனே, நாம் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்று கேட்டான்.

அவள் அந்தச் சிவப்பின் மேல் கையை வைத்தாள்.

"நீங்க என்னங்க மாமா பண்ணுவீங்க? என்னோட ஒடம்புதான் தாங்கலையாமுங்க."