மூன்றாவது பாட்டு

"அந்த இசைத்தட்டு இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, நான் வெளிய போயிடுவேன், ஆமா!"

தங்கை நார்மாவிடம் சீறினாள் ஹிலரி. நான்கு மாதமாக லீட்ஸ் நகரமே அந்தத் தட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் மட்டும் கேட்கவில்லை. ரேடியோவில் வந்தால் எழுந்து போய் அணைத்துவிடுவாள்.

பழைய நாட்டுப்பாடல்களை மின்கிதாரும் டிரம்ஸுமாகப் பாடும் ஒரு குழுவின் தட்டு அது. அந்தக் குழுவில் முதல் நாளிலிருந்து பாடியவள் அவள். ஒலிப்பதிவு தொடங்கிய வாரத்திலேயே தலைவன் கேரத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினாள். அவள் இடத்துக்குப் பிரையனி வந்தாள். கூடவே புகழும் வந்தது.

"பத்திரிகையில என்ன எழுதியிருக்கான் பாருக்கா. மூணாவது பாட்டைக் கேட்டு அழாதவன் மனுஷனே இல்லையாம்."

"அழத்தான் செய்வாங்க. அவ குரல் அப்படி! மூக்கால பாடுறவளுக்கு வந்த வாழ்வைப் பாரேன்."

"கேக்காமலே சொல்றியே?"

"கேக்க வேற வேணுமா?"

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்த ஹிலரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழையில் நனைந்தபடி பிரையனி நின்றிருந்தாள்.

"என்ன, உன் பவிசைக் காட்ட வந்தியா?"

"இல்லைங்க. சனிக்கிழமை லண்டன்ல கச்சேரி. அந்த மூணாவது பாட்டை எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்."

"ஊரையே அழவெச்சவளுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா? யார்கிட்ட நடிக்கிறே?"

"சத்தியமாங்க. மேடையில அதை நான் பாட ஆரம்பிச்சாலே ஜனங்க முகம் வாடிப்போகுது. போன வாரம் ஒருத்தர் எழுந்து, 'தட்டுல இருக்கிற மாதிரி பாடும்மா'ன்னு கத்திட்டாரு. உங்க மேல பொறாமையில வெந்துட்டிருக்கேன்."

"என் மேலயா? எதுக்கு?"

பிரையனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பன்னெண்டு தடவை பாடிப் பார்த்தேன், கேரத்துக்குப் பிடிக்கல. கடைசியில, பேரை மட்டும் என் பேராப் போட்டுட்டு, சண்டைக்கு முந்தின நாள் நீங்க பாடி வெச்சதைத்தான் அப்படியே தட்டுல சேர்த்துட்டாரு."