முன் சீட்

"மாமா, நீங்க பின்னாடி உக்காருங்க. சாராள் முன்னாடி வரட்டும்."

மாப்பிள்ளை லாசரஸ் இப்படிச் சொன்னதும் ஞானையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தாம்பரம் சர்ச்சில்கூட முதல் பெஞ்சைத் தவிர வேறெங்கும் உட்காராத மனுஷர். எதிர்வீட்டு வாசலில் வேறு நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பொண்ணு முன்னாடி, பெத்தவன் பின்னாடியா? நல்லா இருக்கு மாப்பிள்ளே மரியாதை!"

"அதுக்கில்ல மாமா, லாங் டிரைவ்ல இந்த வண்டிக்கு..."

"வண்டி மேல ஏன் பழி போடறீங்க?"

கதவை அறைந்து சாத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். சண்டை போட நேரமில்லை. திண்டிவனத்தில் அவர் தங்கை மகள் கிருபாவுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண். கைபிடித்துச் சர்ச்சுக்குள் அழைத்துப் போக வேண்டியவர் தாய்மாமன் ஞானையாதான்.

நாலு வழிச் சாலை வராத காலம் அது. வண்டலூர் தாண்டியதும் எரிச்சல் இன்னும் ஏறியது.

"பஸ் வருது, பின்னாடியே இருங்க... ம், இப்ப போங்க!" என்றாள் சாராள். லாசரஸ் போனான். "வேண்டாம், வேண்டாம்!" என்றாள். உடனே பிரேக்கை மிதித்தான்.

ஒரு லாரியை முந்துவதற்குக்கூடப் பெண்டாட்டியிடம் உத்தரவு வாங்குகிற ஆம்பிளை! இவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று ஞானையாவுக்கு வெட்கமாக இருந்தது.

செங்கல்பட்டில் காபி குடிக்க நிறுத்தினார்கள். திரும்பி வந்தபோது ஞானையா முந்திக்கொண்டு முன் சீட்டில் ஏறிவிட்டார். சாராள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தபடி வண்டியைக் கிளப்பினான்.

மதுராந்தகத்துக்கு முன்னால் ஒரு வைக்கோல் லாரி வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. லாசரஸும் அதன் பின்னாலேயே ஊர்ந்தான்.

"முந்துங்க மாப்பிள்ளே! அங்க கிருபா வாசல்லயே நிக்கும்."

"நீங்க சொல்லுங்க மாமா, போறேன்."

"அதான் சொல்றேனே, போங்க!"

லாசரஸ் ஒடித்தான். எதிரே பஸ் ஒன்று அலறிக்கொண்டு வந்தது. "ஐயோ, பஸ்!" என்று பின்னாலிருந்து சாராள் கத்தவும், வெட்டி இழுத்து மறுபடி லாரிக்குப் பின்னால் ஒதுங்கினான். பஸ் உரசாத குறையாகப் போயிற்று.

ஞானையாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஸ்டீயரிங்கைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்க மாப்பிள்ளே" என்றார்.

தானே இறங்கிப் பின் கதவைத் திறந்தார். "நீ முன்னாடி போம்மா."

"இருங்க... இருங்க... இப்ப போங்க!" என்றாள் சாராள். அடுத்த நிமிஷம் வைக்கோல் லாரி பின்னால் போய்விட்டது.

மணி அடிப்பதற்குள் திண்டிவனம் சர்ச் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். பின் சீட்டிலிருந்து இறங்கிய ஞானையாவைக் கிருபாவின் சித்தப்பா தயாளன் பிடித்துக்கொண்டார்.

"என்ன மச்சான், மகள் முன் சீட்டு, நீங்க பின் சீட்டா? மாப்பிள்ளை உங்களை ஓரங்கட்டிட்டாரா?"

ஞானையா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"தயாளா, அந்த வண்டிக்குள்ள எட்டிப் பாரு. அமெரிக்காக்காரன் வித்துட்டுப் போனது, ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கு. ஓட்டறவருக்கு லாரியோட முதுகுதான் தெரியும். நானும் உக்காந்து பார்த்தேன், என்னால ஆகல. தாம்பரத்துலேர்ந்து எதிர்ல வர்றதைப் பார்த்துச் சொல்லி எங்களை உசிரோட கொண்டுவந்தது என் பொண்ணுடா!"