நாலு நாள்

"நாலு நாளா மூடி மறைச்சிருக்கா டாக்டர். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? நீங்களே நல்லாக் கேளுங்க."

உள்ளே நுழைந்ததுமே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். மருமகள் கூனிக் குறுகிப் போனாள். இடது மார்பில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி, விண்விண்ணென்று வலி, நேற்றிலிருந்து காய்ச்சல். இதில் இந்தம்மாவின் பாட்டு வேறு.

"முதல்ல அந்தப் பக்கம் குழந்தைக்குக் கொடுங்க. பால் காலியானப்புறம் தொட்டாத்தான் கட்டி சரியாத் தெரியும்," என்றார் டாக்டரம்மா.

திரைக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். மூன்று மாதக் குழந்தை இழுத்த ஒவ்வொரு இழுப்புக்கும் உயிர் போய் வந்தது.

பிறகு டாக்டர் தொட்டுப் பார்த்தார். அக்குளையும் அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்.

"சீழ் இல்லை. பால் அடைச்சு வீங்கியிருக்கு. மாத்திரை எழுதறேன். பால் கொடுக்கறதை நிறுத்தாதீங்க. ரெண்டு நாள்ல குறையலேன்னா உடனே வரணும்."

மருமகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாமியார் விடுவதாக இல்லை.

"அந்த மாதிரிக் கட்டி இல்லையே டாக்டர்?"

"அப்படித் தெரியலைம்மா."

"அதுன்னா எப்படி இருக்கும்? வலிக்குமா?"

"ஆரம்பத்தில பெரும்பாலும் வலிக்காது. கல்லு மாதிரி இருக்கும். அழுத்தினா நகராது."

"வலிக்கவே வலிக்காதா?"

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நமக்கு அது இல்லையென்று இவளுக்கு என்ன இத்தனை ஏமாற்றம்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். மாமியார் பின்னால் வரவில்லை. வராமலே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மருந்துச் சீட்டை மேஜையிலேயே விட்டுவிட்டது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. திரைக்குக் கீழே மாமியாரின் செருப்பு தெரிந்தது.

"எத்தனை நாளா இருக்கு இது?" டாக்டரின் குரலில் பழைய நிதானம் இல்லை.

"எட்டு மாசமாச்சு. அப்போ அவ உண்டாயிருந்தா. பிரசவம் ஆகட்டும்னு இருந்தேன். அப்புறம் குழந்தைக்குத் தலை நிக்கட்டும்னு இருந்தேன்."

"எட்டு மாசமா? வீட்டில யார்கிட்டயும் சொல்லலையா?"

"இப்பவும் அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். பயத்தில பால் வத்திடும்."