மேட்டில் நின்ற கார்

தாமோதரன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் விளக்கினான். ஒரு வாளி தண்ணீர் இறைத்து காரின் ரேடியேட்டரில் ஊற்றினான், மிச்சத்தில் முகம் கழுவினான்.

கழுவிக் காயப்போட்டிருந்த பின்சீட்டை எடுத்துப் பொருத்தினான். கண்ணாடியைத் துடைத்தான். வழக்கம்போல இஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டான். முதல் அழுத்திலேயே கிளம்பியது.

மனைவி தாட்சாயணியின் பதினாறாம் நாள் காரியம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவளுடைய அண்ணன் முனிரத்தினம் மட்டும் நகரியில் தறியை நிறுத்திவிட்டு வந்து தங்கியிருந்தான்.

"கெளம்பலாமா மாப்ள?" என்றான் முனிரத்தினம், முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டே. "திருப்பதில எத்திராஜ் மேஸ்திரிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பெட்ரோலாலதான் இஞ்சின் கெட்டுச்சின்னு அவரு எழுதிக் குடுத்தா போதும். பங்க்காரன உள்ள தள்ளிடலாம்."

தாமோதரன் தலையசைத்தான்.

கார் சித்தூர் வெல்ல மண்டி முதலாளியுடையது. உயர்ரக பெட்ரோல் மட்டுமே குடிக்கும் வெளிநாட்டு வண்டி. கரும்புத் தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பதற்காக வெதுருகுப்பத்தில் தன் மேற்பார்வையாளனான அவனிடம் விட்டிருந்தார்.

எல்லை மறியலால் மெட்ராஸ் லாரிகள் வராமல் நின்ற வாரம் அது. புத்தூர் பங்கில் சாதா பெட்ரோல்தான் இருந்தது. அதை ஊற்றிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு தாட்சாயணிக்கு வலி வந்தது. எட்டாம் மாதம். பிரசவத்துக்கு நகரி போக இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வீட்டில் இவர்கள் இருவர்தான். ரத்தம் நிற்கவில்லை. அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

வழியில் மேட்டில் இஞ்சின் தட்டியது, கார் நின்றது, அவள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு மணி நேரம் ஆறியபிறகுதான் கிளம்பியது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான்.

"அந்த ஒரு மணி நேரம் கெடைச்சிருந்தா தங்கச்சி பொழச்சிருக்கும்னு டாக்டரம்மா சொல்லிச்சு," என்றான் முனிரத்தினம், சாலையைப் பார்த்தபடி. இது அவன் பத்தாவது தடவை சொல்வது.

திருப்பதியில் எத்திராஜின் மெக்கானிக் ஷெட் வாசலில் பங்க்காரன் ரங்கன் நின்றிருந்தான். முனிரத்தினம்தான் ஆள்விட்டு வரவழைத்திருந்தான்.

"சார், நான் சொல்லிட்டுத்தான ஊத்தினேன். நீங்களே சொல்லுங்க சார்," என்று தாமோதரனைக் கும்பிட்டான் ரங்கன். "மூணு பொட்டப் புள்ளைங்க சார் எனக்கு. ஜெயிலுக்குப் போனா அதுங்க என்னத்தத் துன்னும்?"

"எங்கூட்டுப் பொண்ணைத் துன்னுட்டு, கத சொல்லிக்கினு கீறியா? ஓரமா நில்லு," என்றான் முனிரத்தினம்.

தாமோதரன் குனிந்து காரின் பானெட்டைத் திறந்துவிட்டான்.

இஞ்சினின் தலையைக் கழற்ற எத்திராஜுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. டார்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு பிஸ்டனையும் விரலால் தடவினார். பிறகு கையைத் துணியில் துடைத்தார்.

"ஏமீ லேது. ஒண்ணுமில்ல. புது வண்டியாட்டம் கீது."

"நல்லா பாருங்க மேஸ்திரி. பிஸ்டன் ஓட்டையாயிருக்கும்," என்றான் தாமோதரன்.

"யாரு சொன்னது?"

"முதலாளி. சாவி குடுக்கும்போதே சொன்னாரு. சாதா ஊத்தினா பிஸ்டன் போயிடும், பிஸ்டன் போச்சுன்னா உன் வேலையும் போச்சுன்னு."

"போவல சார். உங்க வேலை பத்திரமா கீது."

"விரிசலாவது இருக்கும். வால்வைப் பாருங்க." தாமோதரன் அவருடைய கிரீஸ் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "ஏதாவது ஒண்ணு உடைஞ்சிருக்கணும். இன்னொரு தடவை பாருங்க. உங்களைக் கும்பிடறேன்."

எத்திராஜ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"படிச்சவரு நீங்க, சொன்னா புரிஞ்சிக்குவீங்க. சாதா ஊத்தினா மேடு ஏறச்சொல்ல தட்டும். உள்ள யாரோ சுத்தியால அடிக்கிற மாதிரி கேக்கும். மாசக்கணக்கா அப்டியே வெரட்டினா பிஸ்டன் போவும். ஒரு நாளுக்கு ஒண்ணும் ஆவாது. கியரைக் கொறச்சிக்கினா மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கலாம்."

"அப்ப மேட்டுல ஏன் நின்னுச்சு?" என்றான் முனிரத்தினம்.

"வண்டிய நான் பாத்துட்டேன். வண்டில ஒண்ணுமில்ல."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுய்யா. வேற மேஸ்திரியே இல்லயா இந்த ஊர்ல?"

முனிரத்தினம் சட்டைப் பையிலிருந்து புகார்க் காகிதத்தை எடுத்து, காரின் மட்கார்டு மேல் விரித்தான். பேனாவைத் திறந்து நீட்டினான்.

"நீ கையெழுத்துப் போடு மாப்ள. ஸ்டேஷன்ல நான் பேசிக்கிறேன். தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே போயிருக்கா என் தங்கச்சி. இவன சும்மா உட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட நகரிக்குப் போறது?"

ரங்கன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தாமோதரன் பேனாவை வாங்கினான். காகிதத்தை முழுதும் படித்தான். பேனாவை மூடி முனிரத்தினத்தின் கையில் வைத்தான்.

"அவ தண்ணி கேக்கல மச்சான்."

"பின்ன?"

"'இஞ்சின் ஒடைஞ்சா ஒடையட்டுங்க, வண்டிய நிறுத்தாதீங்க'ன்னா."